வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான்!

வரி நோட்டீஸ் அனுப்பும்போது சர்க்காருக்கு நம் வீட்டு விலாசம் நன்றாகத் தெரிகிறது. சாக்கடை பொங்கித் தெருவில் ஓடும்போது மட்டும் அந்த விலாசம் மறந்து போகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து உழைக்கும் ஜனங்கள் வெகு காலமாகக் கண்டுவரும் அனுபவம் இது.

நாம் வரியே வேண்டாம் என்று சொல்பவர்கள் அல்ல. தெரு விளக்கு எரிய வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், குப்பை அள்ள வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பது நமக்குத் தெரியும். நாம் கேட்பது மூன்றே கேள்விகள். யார் தலையில் எவ்வளவு வரி? அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? கணக்கை யாரிடம் ஒப்படைக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும் வரை நாம் விடப்போவதில்லை.

அறைக்குள் குடியிருப்பவனுக்கு நூறு, ஆலைக்கு எழுபத்தைந்து!

2022 ஏப்ரல் 1ந் தேதி மாநில சர்க்கார் சொத்து வரியை ஏற்றி உத்தரவு போட்டது. ஆவடி போன்ற மாநகராட்சிகளிலும், 2011இல் சென்னையோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூர் போன்ற பகுதிகளிலும், 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம் ஏற்றம். 601 முதல் 1,200 வரை 50 சதவிகிதம். 1,201 முதல் 1,800 வரை 75 சதவிகிதம். அதற்கு மேல் 100 சதவிகிதம். தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு 75 சதவிகிதம்.

"பார்த்தீர்களா! சிறிய வீட்டுக்குச் சிறிய ஏற்றம், பெரிய வீட்டுக்குப் பெரிய ஏற்றம். இதைவிட நியாயம் உண்டா?" என்று அன்று பிரசாரம் செய்தார்கள். மேலாகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரியும். உள்ளே நுழைந்து பார்ப்போம்.

அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியும், கொரட்டூர், பாடி, பட்டரவாக்கம் பக்கத்திலும் தொழிலாளி எப்படிக் குடியிருக்கிறான்? ஒரே கட்டடத்தில் ஆறு, எட்டு போர்ஷன்கள். ஒரு போர்ஷனில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். நான்கைந்து குடும்பங்களுக்கு ஒரு குளியலறை. அந்தக் கட்டடம் முழுவதும் ஒரே மதிப்பீட்டில், ஒரே வரி எண்ணில் இருந்தால், மொத்தப் பரப்பு 1,800 சதுர அடியைத் தாண்டிவிடும். உடனே அது "பெரிய வீடு" ஆகிவிடும். ஏற்றம் 100 சதவிகிதம்! வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்தா அதைக் கட்டுவார்? அடுத்த மாத வாடகையில் சேர்த்துவிடுவார். இருநூறு சதுர அடியில் பிள்ளைகுட்டிகளோடு முடங்கிக் கிடப்பவன் நூறு சதவிகித ஏற்றத்துக்குப் பங்கு கொடுக்கிறான். அவன் உழைக்கும் ஆலையின் ஷெட்டுக்கோ எழுபத்தைந்து சதவிகிதம்தான். சதுர அடியை அளந்தவர்கள், அதற்குள் எத்தனை வயிறுகள் இருக்கின்றன என்று எண்ணவில்லை!

அதோடு முடிந்ததா? 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் மேலும் 6 சதவிகிதம் ஏற்றத் தீர்மானம் போட்டது. வருஷா வருஷம் ஏற்ற வேண்டும் என்பதுதான் மேலிடத்து விதி என்று காரணம் சொன்னார்கள். ஆறு சதவிகிதம் என்றால் கேட்பதற்குச் சின்னத் தொகைதான். ஆனால் வட்டிக்கு வட்டி போல அது வருஷா வருஷம் ஏறினால், இன்று 1,000 ரூபாயாக இருக்கும் வரி ஐந்து வருஷத்தில் 1,338 ஆகும். பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி பன்னிரண்டு வருஷத்தில் தானாக இரட்டிப்பாகும் என்று எந்தச் சர்க்காராவது விதி எழுதியதுண்டா?

கூலிக்காரனுக்கும் 1,250, கம்பெனி டைரக்டருக்கும் 1,250!

சொத்து வரியாவது நோட்டீஸ் ஒட்டிவிட்டு வருகிறது. தொழில் வரியோ சம்பளச் சீட்டிலேயே பிடிக்கப்படுகிறது. பல தொழிலாளிகளுக்கு அப்படி ஒரு பிடித்தம் எங்கே போகிறது என்றே தெரியாது. அது நேரே மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் போகும் பணம். ஆகவே அதற்கும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்த வரியின் லட்சணத்தைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டுக்கு 1,250 ரூபாய் தொழில் வரி. மாதம் 13,000 ரூபாய் வாங்கும் தொழிலாளிக்கு அரையாண்டில் 78,000 ஆகிறது. ஆக, அவனும் உச்சபட்ச வரி கட்டுகிறான்! அதே கம்பெனியில் மாதம் 13 லட்சம் வாங்கும் டைரக்டர் எவ்வளவு கட்டுகிறார்? அதே 1,250 ரூபாய்! தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் கொடுக்கிறான். டைரக்டர் நூற்றுக்கு இரண்டு காசு கூடக் கொடுப்பதில்லை.

2024இல் சென்னை மாநகராட்சி இந்த வரியைத் திருத்தியது. யாருக்கு ஏற்றியது தெரியுமா? கீழ் மூன்று படிகளில் உள்ளவர்களுக்கு மட்டும், சுமார் 35 சதவிகிதம். அரையாண்டில் 21,000க்கு மேல் 30,000 வரை, அதாவது மாதம் 5,000 ரூபாய் கூடத் தாண்டாதவர்களுக்கு, 135 ரூபாயாக இருந்தது 180 ஆயிற்று. 690 கட்டியவர்களுக்கு 930 ஆயிற்று. மேல் படிக்கு ஒரு காசு கூட ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? "அரசியல் சட்டம் தடுக்கிறது" என்பார்கள். உண்மைதான். 276ஆம் ஷரத்து, தொழில் வரி வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆரம்பத்தில் 250 ரூபாயாக இருந்த அந்த உச்சவரம்பை 1988இல் 2,500 ஆக்கினார்கள். அதன் பிறகு எத்தனை பார்லிமெண்டுகள் கூடிக் கலைந்தன! எத்தனை அரசியல் சட்டத் திருத்தங்கள் நிறைவேறின! பணக்காரனின் தலைக்கு மேல் கட்டிய இந்தக் கூரையை ஒரு அடி உயர்த்த யாருக்கும் கை வரவில்லை. கூரை உயராதபோது, தரையில் கிடப்பவன் முதுகைத்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது.

வரி கொடாத பெரிய நிலக்காரர்

ஆவடியின் மிகப் பெரிய நிலக்காரர் யார்? டில்லி சர்க்கார்! கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, போர் வாகன ஆராய்ச்சி நிலையம், விமானப் படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று ஊரின் பெரும் பகுதி மத்திய சர்க்கார் கையில் இருக்கிறது. இவற்றில் பாடுபடும் தொழிலாளிகள் நம் சகோதரர்கள். நம் கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல, அவர்களுடைய எஜமானரைப் பற்றியது.

அரசியல் சட்டத்தின் 285ஆம் ஷரத்துப்படி யூனியன் சர்க்காரின் சொத்துக்கு ஸ்தல ஸ்தாபனம் வரி போட முடியாது. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் உண்டு. ராஜ்கோட் மாநகராட்சி தொடுத்த வழக்கில் 2009இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிவான ஏற்பாடு இது: நகரத்தின் வசதிகளை முழுக்க அனுபவித்தால் சொத்து வரியில் 75 சதவிகிதம், பாதியளவு அனுபவித்தால் 50, ஒன்றுமே அனுபவிக்காவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு.

மேலும் ஒரு சங்கதி. 2021 அக்டோபர் 1ந் தேதி படைத்தளவாடத் தொழிற்சாலைகளைத் துண்டு போட்டு ஏழு கம்பெனிகளாக மாற்றினார்கள். தொழிலாளர் எதிர்த்தார்கள், வேலைநிறுத்தத்தையே தடை செய்யும் சட்டத்தை அந்த வருஷமே கொண்டுவந்து வாயை அடைத்தார்கள். அந்த ஏழில் ஒரு கம்பெனியின் தலைமையகம் ஆவடியிலேயே இருக்கிறது. சர்க்கார் கம்பெனியின் சொத்து யூனியனின் சொத்து ஆகாது, அதற்கு வரி விலக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 1982லேயே சொல்லியிருக்கிறது. கம்பெனி ஆக்கியது நீங்கள்தானே? அப்படியானால் கம்பெனிக்குரிய வரி எங்கே? எந்தச் சொத்து கம்பெனியுடையது, எது இன்னும் ராணுவ இலாகாவுடையது? எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி? ஆவடி மாநகராட்சி இந்த விவரத்தை ஊரறிய அச்சடித்து ஒட்டட்டும். இருநூறு ரூபாய் பாக்கிக்காக ஏழையின் குழாய் இணைப்பைத் துண்டிப்போம் என்று மிரட்டும் கை, டில்லியின் கதவைத் தட்டத் தயங்குவது ஏன்?

இந்த ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, "சோஷலிஸ பாணி சமுதாயம்" அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. அன்று தீர்மானம் கேட்ட ஊர், இன்றும் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது!

பணம் போகும் பாதை

இனி, வந்த பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு காலத்தில் தெருக் கூட்டுபவர் நகரசபைச் சிப்பந்தி. இன்று பெரும்பாலும் கண்டிராக்டரின் ஆள். நிரந்தர வேலையை ஒழித்து ஒப்பந்தக் கம்பெனியிடம் குப்பையை ஒப்படைப்பதற்கு "சிக்கனம், திறமை" என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எப்படிப்பட்ட சிக்கனம்? சென்னை மாநகராட்சியின் 5, 6 ஆகிய மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் கம்பெனியிடம் கொடுத்தபோது, தொழிலாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் கட்டடத்தின் முன் வெயிலிலும் மழையிலும் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண்கள். மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிய தாங்கள், கம்பெனியிடம் போனால் சுமார் 17,000 ரூபாய்க்கு இறங்க வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன குறை. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். ஊரின் அழுக்கைச் சுமந்தவர்களுக்கு ஊர் கொடுத்த சன்மானம் இதுதான்!

யோசித்துப் பாருங்கள் தோழர்களே! கம்பெனி என்ன மந்திரம் வைத்திருக்கிறது? அதே தெரு, அதே குப்பை, அதே கைகள். மாநகராட்சி செய்தால் லாபம் எடுக்க வேண்டியதில்லை. கம்பெனி செய்தால் லாபம் எடுத்தாக வேண்டும். அந்த லாபம் எங்கிருந்து வரும்? தொழிலாளியின் கூலியிலிருந்து வரும், அல்லது நம் வரியிலிருந்து வரும். மூன்றாவது ஊற்று கிடையாது.

கூலி மட்டுமா போகிறது? உயிரும் போகிறது. மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தது. ஆனாலும் 2024இல் இதே ஆவடியில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கி மாண்டார். இப்படிச் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கிறது. செத்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை முன்னாலேயே யந்திரத்துக்குச் செலவிட்டிருந்தால் ஒரு வீட்டில் விளக்கு அணைந்திருக்காதே! கண்டிராக்டரைக் கேட்டால் மாநகராட்சியைக் காட்டுவான். மாநகராட்சியைக் கேட்டால் கண்டிராக்டரைக் காட்டும். பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கென்றே கண்டுபிடித்த முறைதான் கண்டிராக்ட் முறை.

கணக்குக் கேட்க ஆளே இல்லாத காலம்

ஸ்தல ஸ்தாபனத்தின் ஆயுள் ஐந்து வருஷம். அது முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19 வரை நகரங்களில் தேர்தலே இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகளின் ராஜ்யம்! ஆவடி மாநகராட்சி 2019இல் பிறந்ததே கௌன்சிலர் என்று ஒருவர் கூட இல்லாமல்தான். டெண்டர் விட்டவரும் அதிகாரி, பில் பாஸ் செய்தவரும் அதிகாரி, ஆட்சேபணை கேட்க வேண்டியவரும் அதே அதிகாரி!

2022 மார்ச் 2ந் தேதி கௌன்சிலர்கள் பதவிப் பிரமாணம் எடுத்தார்கள். சரியாக முப்பதாவது நாள் வரி ஏற்ற உத்தரவு வந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். கோட்டையில் எழுதிய உத்தரவுக்கு ஊர் மன்றம் கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் சுயாட்சியா?

அன்று சொன்ன காரணத்தையும் கேளுங்கள். வரியைத் திருத்தினால்தான் மத்திய நிதிக் கமிஷனின் மானியம் வரும் என்றார்கள். 15ஆவது நிதிக் கமிஷன் அப்படி ஒரு நிபந்தனை போட்டது மெய்தான். ஆனால் அதே கமிஷன் இன்னொரு நிபந்தனையும் போட்டது. ஸ்தல ஸ்தாபனங்களின் வரவு செலவையும், தணிக்கை செய்த கணக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்பது அது. வரி நிபந்தனையை வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கணக்கு நிபந்தனையை எந்தத் தெரு முனைக்குக் கொண்டுவந்தார்கள்? கம்ப்யூட்டருக்குள் இங்கிலீஷ் அட்டவணையாகப் போட்டுவிட்டால் பட்டறைத் தொழிலாளிக்கும் சித்தாளுக்கும் கணக்குக் காட்டியதாகுமா?

கேட்பதற்கு இடம் இல்லாமலும் இல்லை. 2022இல் வார்டுக் கமிட்டி, பகுதிச் சபை விதிகள் வந்தன. கிராம சபை போல நகரத்திலும் ஜனங்கள் கூடிப் பேசலாம் என்றார்கள். 2022 நவம்பர் 1ந் தேதி முதல் மந்திரியே பம்மலில் ஒரு பகுதிச் சபையில் உட்கார்ந்தார். நல்ல சங்கதி. ஆனால் உங்கள் தெருவில் பகுதிச் சபை எப்போது கூடியது? தண்டோரா போட்டார்களா? ஷிப்டு முடிந்து வருபவன் கலந்துகொள்ளும் நேரத்தில் வைத்தார்களா? ஒவ்வொரு தொழிலாளியும் தன் மனத்தையே கேட்டுப் பார்க்கட்டும்.

கிராமத்தை விழுங்கும் நகரம்

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஊருக்குள் இருப்பவர்கள் விவகாரம் என்று நினைக்காதீர்கள். பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் ஆவடியோடு சேர்க்கும் யோசனை வருஷக் கணக்காகப் பேசப்பட்டு வருகிறது. சேர்ந்தால் என்ன ஆகும்? நிலத்தின் விலை ஏறும். லாபம் மனைத் தரகருக்கு. வரி ஏறும். சுமை குடிசைக்காரனுக்கு. கிராமப்புற வேலைச் சட்டம் கிராமத்துக்கு மட்டுமே உரியது. ஊராட்சி நகர வார்டாக மாறிய நாளே அந்த வேலை போகும். 2005இல் போராடிப் பெற்ற நூறு நாள் வேலைச் சட்டத்தை 2025 டிசம்பரில் எடுத்துவிட்டு, 125 நாள் என்று எழுதிய வேறொரு சட்டம் போட்டார்கள். செலவில் நாற்பது சதவிகிதத்தை மாநிலத்தின் தலையில் கட்டினார்கள். நகரத்தோடு சேர்ந்த ஊருக்கு அந்த 125ம் கிடையாது!

அம்பத்தூரைப் பாருங்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கில் 4 லட்சத்து 66 ஆயிரம் பேர். அந்த வருஷமே நகராட்சி ஒழிந்து சென்னையோடு சேர்ந்தது. இன்று அம்பத்தூர் மண்டலத்துக்கு 200இல் 15 வார்டுகள்தான். சுமார் முப்பதாயிரம் பேருக்கு ஒரு கௌன்சிலர். ஆவடியிலோ அதே கணக்கின்படி 3 லட்சத்து 46 ஆயிரம் பேருக்கு 48 வார்டுகள், சுமார் ஏழாயிரம் பேருக்கு ஒருவர். ஊர் பெரிதாகப் பெரிதாக, கேள்வி கேட்க எட்டும் தூரம் நீண்டுகொண்டே போகிறது. கிராமத்தில் கிராம சபையாவது சட்டப்படி உண்டு. அதையும் இழந்து, தூரத்துக் கட்டடத்தின் வாசலில் மனுவோடு நிற்க வேண்டுமா?

"வேறு வழி இல்லை" என்பது பொய்

"மாநகராட்சிக்குப் பணமில்லை, வரி ஏற்றாமல் என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். பணம் இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டோம். டைரக்டரின் தொழில் வரியில் இருக்கிறது. டில்லியின் சேவைக் கட்டணத்தில் இருக்கிறது. டில்லி வசூலிக்கும் செஸ்ஸும் சர்சார்ஜும் மாநிலத்தோடு பங்கு போடப்படாமல் தேங்குவதில் இருக்கிறது. கண்டிராக்டரின் லாபத்தில் இருக்கிறது.

"1998க்குப் பிறகு சென்னையிலும், 2008க்குப் பிறகு மற்ற ஊர்களிலும் பொதுவாக வரி சீரமைக்கவில்லை" என்கிறார்கள். 2018இல் ஒரு முறை ஏற்றி, 2019இல் தாங்களே நிறுத்தி வைத்தார்கள். ஓட்டு நெருங்கினால் நிறுத்துவதும், ஓட்டு வாங்கியதும் ஏற்றுவதும் யார் குற்றம்? வரி கட்டியவன் குற்றமா?

"படிக்காத ஜனங்களுக்குப் பட்ஜெட் புரியுமா?" என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தில் 1989 முதல் சேரி ஜனங்களும் தொழிலாளிகளும் வட்டாரந்தோறும் கூடி, எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எந்தப் பேட்டைக்கு முதலில் தண்ணீர் என்று தீர்மானித்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்தல ஸ்தாபனங்களிடம் கொடுத்தார்கள். பத்து ரூபாய்க்குள் ஒரு நாள் குடும்பம் நடத்தத் தெரிந்த தாய்க்கு, ஒரு வார்டின் வரவு செலவு புரியாதா?

நாம் கேட்பது

ஒவ்வொரு வார்டின் வரவு செலவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தமிழில், பெரிய எழுத்தில், தெருவில் ஒட்டப்பட வேண்டும். ஒவ்வொரு வேலை நடக்கும் இடத்திலும் எஸ்டிமேட் எவ்வளவு, கண்டிராக்டர் யார், கொடுத்த பில் எவ்வளவு என்று பலகை வைக்க வேண்டும். போர்ஷன் வீடுகளைக் குடும்பவாரியாக மதிப்பிட வேண்டும். 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புகளுக்கு வருஷாந்தர ஏற்றம் கூடாது. தொழில் வரியில் கீழ் படிகளை விலக்கி, உச்சவரம்பைப் பெரிய வருமானங்களுக்கு உயர்த்த வேண்டும். மத்திய சர்க்காரின் பாக்கியை வெளியிட்டு வசூலிக்க வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களை ஸ்தாபனமே நேரில் நியமிக்க வேண்டும். கிராம சபையின் சம்மதமின்றி எந்த ஊராட்சியையும் நகரத்தோடு சேர்க்கக் கூடாது.

இவை தானாக வராது. பட்டறைதோறும், பேட்டைதோறும், சேரிதோறும் ஐந்து பேர் கொண்ட கணக்குக் கமிட்டி அமையுங்கள். வரி ரசீதுகளைச் சேகரியுங்கள். சம்பளச் சீட்டில் தொழில் வரிப் பிடித்தத்தைப் பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் தெரு வேலையின் பில்லைக் கேட்டு வாங்கி, ரோட்டின் நீளத்தை நீங்களே நாடா பிடித்து அளந்து பாருங்கள். பகுதிச் சபையைக் கூட்டச் சொல்லிக் கௌன்சிலரிடம் கையெழுத்து மனு கொடுங்கள். கூட்டாவிட்டால் ஜனங்களே கூடி அவரை அழையுங்கள்.

ஆலையில் ஒரு போல்ட்டுக்குக் கூட நம்மிடம் கணக்குக் கேட்கிறார்கள். களத்தில் ஒரு மரக்கால் நெல் குறைந்தாலும் கூலியில் பிடிக்கிறார்கள். அப்படிப்பட்ட நாம், நம் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அத்துமீறலா? கேட்போம்! ஒருவராகக் கேட்டால் வாசலில் நிறுத்துவார்கள்; ஆயிரம் பேராகக் கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்!